தோள்பட்டையில் துளை ஆபரேஷன்... உட்கார வைப்பார்களா, படுக்க வைப்பார்களா?

தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருக்கிறது, சிறு துளை போட்டு கேமரா வழியாகச் சரிசெய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதும், வீட்டில் எழும் கேள்விகள் இரண்டுதான். எவ்வளவு செலவாகும்? எத்தனை நாளில் கையைத் தூக்கலாம்? ஆபரேஷன் தியேட்டரில் உடம்பை எப்படி வைத்திருப்பார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

ஆர்த்ரோஸ்கோப்பி எனப்படும் இந்தச் சிகிச்சையில் இரண்டு நிலைகள் உண்டு. ஒன்று, 'பீச் சேர்'. சாய்வு நாற்காலியில் இருப்பதுபோல முதுகை நிமிர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி உட்கார வைப்பது. இன்னொன்று, ஒருக்களித்துப் படுக்க வைத்து, சிகிச்சைக்குரிய கையை எடை கட்டி இழுத்து வைப்பது. எது மேல் என்பதில் சர்ஜன்களிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. பெரும்பாலும் கற்றுக்கொண்ட முறையையே தொடர்கிறார்கள்.

உட்கார வைக்கும்போது முக்கியக் கவலை, ரத்த அழுத்தம். மாடி வீட்டுக் குழாயில் தண்ணீர் மெல்ல வருமே, அதே கதைதான். பி.பி பட்டையைக் கையில் கட்டுகிறார்கள். மூளையோ அதற்கு ஒரு சாண் உயரத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே அழுத்தம் 15 முதல் 20 வரை குறைவாக இருக்கும். மானிட்டர் 100 காட்டினால், தலையில் 80-க்குச் சற்று மேல்தான். பட்டையைக் காலில் கட்டினால் வித்தியாசம் இன்னும் பல மடங்கு. ரத்தம் கசிந்தால் கேமராவில் எதுவும் தெரியாது என்பதால், அழுத்தம் சற்றுக் குறைவாக இருப்பதே சர்ஜனுக்கு வசதி. மூளைக்கு ரத்தம் போக வேண்டுமே என்பது மயக்க மருத்துவரின் கவலை. 2005-ல் வெளியான ஒரு மருத்துவக் கட்டுரை, நிமிர்ந்த நிலையில் தோள்பட்டை ஆபரேஷன் செய்துகொண்ட நான்கு பேருக்கு மூளை, தண்டுவடப் பாதிப்பு ஏற்பட்டதைப் பதிவுசெய்தது. மிக அரிதுதான். ஆனாலும் அதன் பிறகு இந்தக் கணக்கை மயக்க மருத்துவர்கள் கூடுதல் கவனத்தோடு பார்க்கிறார்கள்.

தலையும் அப்படித்தான். தாங்கியில் நேராக வைத்துப் பட்டை போட்டு, கண்களை மூடிப் பாதுகாப்பார்கள். அதன்மேல் துணி போர்த்திவிட்டால் முகம் தெரியாது. சர்ஜன் கையை இழுக்கும்போது கழுத்து திரும்பிவிடலாம் என்பதால், அவ்வப்போது துணிக்கு அடியில் எட்டிப் பார்ப்பதும் மயக்க மருத்துவரின் வேலை.

ஒருக்களித்த நிலையில் தலை இதயத்தின் மட்டத்திலேயே இருப்பதால் பி.பி பிரச்னை குறைவு. அங்கே பயம் நரம்புகளுக்குத்தான். கையை அதிக எடையில், அதிக நேரம் இழுத்தால் நரம்புகள் நீண்டு மரத்துப்போகும். அடியில் இருக்கும் தோள் நசுங்காமலிருக்க, அக்குளுக்குச் சற்றுக் கீழே, விலாவில் ஒரு திண்டு. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. கீழே இருக்கும் காலின் முழங்கால் வெளிப்பக்கத்துக்கும் மெத்தை வேண்டும். அங்கே நரம்பு அழுந்தினால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகலாம்.

நோயாளி தரப்பில் செய்ய வேண்டியதும் உண்டு. டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில் போன்ற பி.பி மாத்திரைகளை ஆபரேஷன் அன்று காலை சாப்பிட்டிருந்தால், உட்கார வைக்கும்போது அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம் மாத்திரை அட்டையைக் காட்டிக் கேளுங்கள். கழுத்துத் தேய்மானம், பழைய பக்கவாதம், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு இருந்தாலும் மறைக்க வேண்டாம்.

ஆபரேஷனுக்குப் பிறகு கை மரத்திருப்பது பெரும்பாலும் வலி நீக்கும் நரம்பு ஊசியால்தான். ஊசியின் வேகம் எவ்வளவு நேரத்தில் தணியும் என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டியும் விரல்களில் உணர்வு வரவில்லை என்றாலோ, பாதம் மரத்திருந்தாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.