வேலைத்தலத்தில் நாம்: ஒரு பக்க அறிக்கை



தையல் நிலையமொன்றில் நான் பொறுப்பாக இருந்த காலத்தில் இரண்டு இயந்திரங்கள் பழுதடைந்தன. மேலிடத்துக்கு மூன்று பக்கம் எழுதினேன். நிலையம் தொடங்கிய கதை, இடம்பெயர்ந்து வந்த பெண்களின் கஷ்டம் எல்லாம் அதில் இருந்தன. திருத்தப் பணம் வேண்டும் என்ற வரி மட்டும் கடைசிப் பக்கத்தின் அடியில் கிடந்தது. அதுவரை எவரும் வாசிக்கவில்லை. பாடசாலைச் சீருடை ஓடர் கைவிட்டுப் போயிற்று. பத்துப் பெண்களின் ஒரு மாத உழைப்பும் அதோடு போயிற்று.

என் அறிக்கையின் ஒழுங்கு பிழை என்பது பிறகுதான் விளங்கியது.

ஒரே நிறுவனத்துக்குள் எழுதும் சிறு அறிக்கைக்கு அட்டையோ பொருளடக்கமோ தேவையில்லை. ஒரு பக்கம், மிஞ்சினால் இரண்டு பக்கம் போதும். மேலே நான்கு வரிகள் வரவேண்டும். அதன் கீழ், கேட்பதை முதலில் எழுதுங்கள். காரணத்தைப் பிறகு எழுதுங்கள். நான் அன்று இப்படி எழுதியிருக்க வேண்டும்:

திகதி: மார்ச் 11
பெறுநர்: நிகழ்ச்சித்திட்ட முகாமையாளர்
அனுப்புநர்: தையல் நிலையப் பொறுப்பாளர்
விடயம்: இரண்டு தையல் இயந்திரங்களைத் திருத்த அனுமதி கோரல்

1. இரண்டு இயந்திரங்களைத் திருத்த 9,000 ரூபா தேவை. மார்ச் 15க்கு முன் அனுமதி தரவும்.
2. மார்ச் 4 முதல் இவை இயங்கவில்லை. மோட்டர் மாற்ற வேண்டும் எனத் திருத்துபவர் கூறினார். அவரது விலைக்குறிப்பு இணைக்கப்பட்டுள்ளது.
3. சீருடை ஓடர் 18ஆம் திகதி தொடங்குகிறது. மீதி எட்டு இயந்திரங்களில் அதை முடிக்க இயலாது.

இவ்வளவுதான். "விடயம்" என்ற இடத்தில் "இயந்திரம் பற்றி" என்று மட்டும் போடாதீர்கள். அந்த ஒரு வரியை வாசித்தாலே உங்கள் தேவை விளங்க வேண்டும்.

இன்னும் சில குறிப்புகள்:

கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலக்காதீர்கள். "நான் பார்த்தேன்", "அயலவர் கூறினார்" என்று பிரித்து எழுதுங்கள். "பலர் வரவில்லை" என்பதை விட "12 பேரில் 5 பேர் வரவில்லை" என்பது பலமானது.

வீட்டில் அடிபட்ட பெண், காணாமற்போனவரைத் தேடும் தாய் ஆகியோரைப் பற்றி எழுதும்போது பெயரையும் முகவரியையும் தவிர்த்துக் கோவை இலக்கத்தை மட்டும் இடுங்கள். அறிக்கை எத்தனை மேசைகளைத் தாண்டிப் போகும் என்று நமக்குத் தெரியாது. நம்மை நம்பிச் சொன்ன ஒருத்தியின் பாதுகாப்பு நம் பேனையில் இருக்கிறது.

கையொப்பமிட்டு, ஒரு பிரதியை உங்கள் கோவையில் வையுங்கள். "அறிவிக்கவில்லை" என்று நாளை யாராவது சொன்னால் அதுவே உங்கள் சாட்சி.

ஆங்கிலம் வராதே என்று சிலர் தயங்குகிறார்கள். 1988ஆம் ஆண்டின் 16ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழ் நிர்வாக மொழி. அரச அலுவலகத்துக்கு எழுதும் கடிதத்தையும் தமிழிலேயே எழுதலாம்.

இடப்பெயர்வால் படிப்பு இடையில் நின்ற சகோதரிகளும் இதை எழுதலாம். அழகான வசனம் யாரும் கேட்கவில்லை. இன்று மாலை ஒரு கடதாசியை எடுத்து, உங்கள் நிலையத்தின் ஒரு குறையை இந்த ஒழுங்கில் எழுதிப் பாருங்கள். பக்கத்தில் இருக்கும் தோழியிடம் கொடுங்கள். முதல் இரண்டு வரியிலேயே உங்கள் தேவையை அவர் சொல்லிவிட்டால், அறிக்கை சரி.