விலகுவோர் விசுவாசமற்றவர்களா?

அறநிறுவனங்கள் நடத்தும் கடைகளிலிருந்து நெடுநாள் பணியாளர்கள் விலகும்போது, ‘சேவை மனப்பான்மை குறைந்துவிட்டது’ என்று நிர்வாகம் எளிதாகச் சொல்லிவிடுகிறது. அந்த விளக்கம் உண்மையைத் தலைகீழாக்குகிறது.

சீர்கெடும் அமைப்பில் இருப்போர்க்கு விலகுதல், குரலெழுப்புதல் என இரு வழிகள் உண்டு என்றார் பொருளியலாளர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன். 1970இல் வெளிவந்த அவரது நூலின்படி, பற்று என்பது விலகலைத் தள்ளிப்போட்டுக் குரலுக்கு அவகாசம் தருகிறது. ஆகவே, பற்றுடையவர் ஒருவர் வெளியேறினால், அவர் முன்பே பேசிப் பார்த்து அலுத்துவிட்டார் என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும்.

நன்கொடையாக வந்த பழைய நூல்களையும் துணிகளையும் விற்றுப் பணம் திரட்டும் கடைகள் பல கொண்டது பிரிட்டனின் ஆக்ஸ்ஃபாம். 1942இல் தோன்றிய அந்நிறுவனத்தின் அலுவலகங்களிலும் கடைகளிலும் பணிபுரிவோர், 2023 டிசம்பரில் ஊதிய உயர்வு கோரி வேலைநிறுத்தம் செய்தனர். அதன் 81 ஆண்டு வரலாற்றில் அதுவே முதல் வேலைநிறுத்தம். வறுமை ஒழிப்பை நோக்கமாகக் கொண்ட நிறுவனத்திலேயே ஊதியத்திற்காகத் தெருவில் நிற்க நேர்ந்தது. எனினும் அங்கே தொழிற்சங்கம் இருந்தது. குரலுக்கு ஒரு வழி இருந்தது. அத்தகைய வழி இல்லாத இடத்தில் எஞ்சுவது ராஜினாமாக் கடிதம் மட்டுமே.

இந்தியாவில் இச்சிக்கலை மொழியும் மறைக்கிறது. ‘ஊழியர்’ என்னும் இன்றைய பொதுச்சொல்லுக்கு அடிப்படையான ‘ஊழியம்’, திருவிதாங்கூரில் கூலியில்லாக் கட்டாய உழைப்பைக் குறித்தது. சமயச் சூழலிலோ அது இறைப்பணி. சேவை, தொண்டு, குடும்பம் ஆகிய சொற்களைத் தலைமை பயன்படுத்தும்போதும் இந்த இரட்டைத்தன்மை தொடர்கிறது. பணிநேரம் பற்றிக் கேட்டவருக்குத் தியாகம் பற்றிய உரை பதிலாகக் கிடைக்கிறது. கேள்வி கேட்டதே குற்றமாகிறது.

இழப்பு ஒரு பணியிடத்தோடு முடிவதில்லை. வந்து குவியும் மூட்டையில் எது விலைபோகும், எந்த முதியவர் எந்த நாளில் உதவிக்கு வருவார், யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவற்றை அறிந்தவர் போனால், அவரை நம்பி வந்த தன்னார்வலர்களும் மெல்ல வராமற்போவர். அடுத்த காலாண்டின் விற்பனை இலக்கை உயர்த்துவதால் அவ்வறிவு திரும்பிவிடாது.

எனவே அறங்காவலர்கள் தலைமை தரும் அறிக்கையோடு நின்றுவிடலாகாது. பணியிலிருப்போரை, அவர்தம் மேலாளர் இல்லாத இடத்தில், ஆண்டுக்கொருமுறையேனும் நேரில் கேட்க வேண்டும். விடைபெறும் நாளில் கேட்கப்படும் கருத்து காலங்கடந்தது. இன்னும் முறையிட்டுக்கொண்டிருப்பவரே நிறுவனத்தின் மீது நம்பிக்கை இழக்காதவர். அவரைத் தொல்லையாகக் கருதும் தலைமைதான் அறப்பணிக்குத் தடை.