பூங்காவானது காலி மனை, பட்டா யாரிடம்?

ஆலைகள் மூடப்பட்டபின் ஒரு பழைய நகர்ப்பகுதி எப்படித் தேய்கிறது என்பதற்கு அமெரிக்காவின் வடக்கு பிலடெல்பியா ஒரு சான்று. வேலை போனது, மக்கள் வெளியேறினர், இடிந்த வீடுகளின் மனைகளில் குப்பையும் போதை வணிகமும் குடியேறின.

1986-ஆம் ஆண்டு, சீனாவில் பிறந்த ஓவிய ஆசிரியை லில்லி யே அங்கே ஒரு காலி மனையைப் பூங்காவாக்க இறங்கினார். முதலில் ஓடி வந்தவர்கள் சிறுவர்கள். போதைக்கு அடிமையாயிருந்த ஜேம்ஸ் மேக்ஸ்டன் அவரோடு சேர்ந்து ஓட்டுச்சில்லு பதிக்கும் கலையைக் கற்றார். பிறகு மற்றவர்க்குக் கற்பித்தார். அங்குள்ள சந்து ஒன்றின் சுவரில் இன்று வானதூதர்கள் நிற்கின்றனர்.

அழகு சோறு போடுமா? நாமும் இப்படிக் கேட்டதுண்டு. அதே நகரில் 541 காலி மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. குப்பையை அகற்றி, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, தாழ்வான மரவேலி போட்டார்கள்; அவ்வளவுதான். வறுமை மிகுந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 விழுக்காடு குறைந்தது. புதரில் துப்பாக்கியை ஒளிக்கலாம், வெட்டிய புல்லில் முடியாதே!

நமக்குள்ள கவலை வேறு. தெரு அழகானால் வாடகை ஏறும். நட்டவரே வெளியேற நேரிடும். பல தோட்டங்களில் ஆண்டுக்கணக்கில் நீரூற்றியவர்களிடம் பட்டா இல்லை. எங்கோ இருக்கும் உரிமையாளர் வைத்த வரிப் பாக்கிக்காக, காய்த்துக் குலுங்கும் தோட்டத்திற்கு ஏல அறிவிப்பு வருகிறது.