ஏட்டில் இல்லாத சொல்

விடியுமுன் போடிநாயக்கனூரில் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள் தாய். மலையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது. வயிற்றுக்காக மனிதர் ஏறுகிறார்கள்! அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுத்தால் நாடு செழிக்குமே, அதற்கு ஏன் இத்தனை அனுமதி, இத்தனை முத்திரை என்று கேட்போர் உண்டு. அவர்களைக் கொஞ்சம் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்குக்கு அழைக்கிறோம்.

1886 அக்டோபர் 29. பெரியாற்று நீருக்காகத் திருவிதாங்கூர் மன்னருடன் வெள்ளைத் துரைத்தனம் குத்தகைச் சீட்டு எழுதிற்று. 8,000 ஏக்கர், 999 ஆண்டு, ஏக்கருக்கு 5 ரூபாய். எல்லாம் எழுதினர். மின்சாரம் என்ற சொல்லை மட்டும் எழுதவில்லை. அன்று அந்த நினைப்பே இல்லை.

பின்னாளில் சென்னை மாகாணம் அந்நீரில் மின்சாரம் எடுக்க முனைந்தது. திருவிதாங்கூர் தடுத்தது. வழக்கு நடுவரிடம் போயிற்று. 1941-இல் தீர்ப்பு வந்தது: தண்ணீர் பாசனத்துக்கே, மின்சாரத்துக்கு உரிமை இல்லை! தண்ணீர் இருந்தது, சரிவு இருந்தது, பொறியாளர் இருந்தனர். ஏட்டில் சொல் இல்லை!

விடுதலைக்குப் பின் பேச்சு நடந்தது. 1950-களின் இறுதியில் லோயர் கேம்ப்பில் பொறி சுழன்றது. உரிமையைப் பொறித்த ஒப்பந்தம் கையெழுத்தானதோ 1970 மே 29-இல்! ஏக்கர் குத்தகை 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்குக் கேரளத்துக்குத் தனிக் கட்டணம் ஏற்பட்டது. கொடுத்துப் பெற்றது, நிலைத்தது.

இன்று பெரிய நீர்மின் திட்டத்துக்கு மத்திய மின்சார ஆணையத்தின் இசைவு வேண்டும். காட்டு நிலமானால் 1980 சட்டப்படி அனுமதி. 2006 அறிவிக்கைப்படி சுற்றுச்சூழல் அனுமதி. அதே ஆண்டின் வன உரிமைச் சட்டத்தால் கிராம சபையின் சொல். இவை வேண்டாம் என்பவரோடு நாம் இல்லை. இவற்றை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பவரோடும் இல்லை.

போடி மக்கள் இதைப் பார்த்தவர்கள். பொட்டிபுரம் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் நீர்மின் திட்டமல்ல, பாடம் ஒன்றே. அதன் சுற்றுச்சூழல் அனுமதியை 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் வழங்கியது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் மறுப்பைத் தெரிவித்தது. முத்திரை கிடைத்தது, ஊரின் நம்பிக்கை கிடைக்கவில்லை!

ஆகவே ஆளவந்தாருக்குச் சொல்வோம்: எல்லா மனுக்களையும் ஒரே வேளையில் ஆராயுங்கள். நாள் குறியுங்கள். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். திட்ட அறிக்கையைத் தமிழில் அச்சிட்டுக் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள்.

ஏட்டில் இல்லாத ஒரு சொல் ஒரு மாகாணத்தையே தடுத்து நிறுத்திற்று. குரங்கணிச் சரிவில் வாழும் முதுவன் பெயர் ஏட்டில் ஏறாவிட்டால், அவனுக்காக எந்த நடுவர் பேசுவார்? முதலில் எழுதுங்கள்; பிறகு தோண்டுங்கள்!