தொலைந்த நாயும் விடியற்காலைத் தெருவும்

ஒவ்வொரு தீபாவளிக்கு மறுநாளும் சென்னையின் மின்கம்பங்களில் காணாமற்போன நாய்களின் படங்கள் முளைக்கின்றன. மனிதச் செவி 20,000 ஹெர்ட்சோடு நின்றுவிட, நாயின் செவி ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். சரவெடி அதற்குத் திருவிழா அன்று.

சுவரொட்டி வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை. ஒட்டியதோடு கடமை தீர்ந்ததென்று அமர்வதைத்தான் ஏற்க இயலவில்லை. மிரண்ட நாய் பெரும்பாலும் அருகிலேயே, நிறுத்திய வண்டிக்கடியிலோ கட்டி முடியாத வீட்டிலோ பதுங்கியிருக்கும். வளர்த்தவர் குரலுக்கும் வெளிவராது. கூட்டமாய்த் தேடினால் இன்னும் விலகி ஓடும். தெரு அடங்கிய விடியற்பொழுதில் ஒருவர் மட்டும் சென்று, தரையில் அமர்ந்து, மெல்ல அழைப்பதே பயன் தரும். அவ்வேளையில் விழித்திருப்போர் தூய்மைப் பணியாளரும் பால்காரரும் தேநீர்க் கடைக்காரரும். நாம் பெயர்கூடக் கேட்டறியாத அவர்களிடம்தான் தெருவின் முழுக்கணக்கும் இருக்கிறது.

மைக்ரோசிப்பை நம்பியிருப்போர் உண்டு. அது தருவது 15 இலக்க எண் மட்டுமே. அதுவும் எவரேனும் கருவியை அருகில் காட்டினால். இருக்குமிடம் சொல்லாது. கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண்ணை எழுதுவது அதனினும் மேல் (செலவும் குறைவு). மாநகராட்சியின் கருத்தடை மையங்களுக்கு நேரில் செல்வதைத் தள்ளிப்போடலாகாது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி, பிடித்த தெருநாயைக் கருத்தடைக்குப் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். பட்டையில்லாத வீட்டு நாய் தெருநாயென்றே கருதப்பட்டு, நம் தெருவல்லாத ஏதோவொரு தெருவில் மீண்டும் இறக்கிவிடப்படலாம்.