ஓவியத்துக்கு 61.8 கோடி, ஓவியரின் கடிதங்களுக்கு யார் பொறுப்பு?

அம்ரிதா ஷெர்கில் 1937-ல் வரைந்த 'தி ஸ்டோரி டெல்லர்' ஓவியம், 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. இந்திய ஓவியம் ஒன்று ஏலத்தில் பெற்ற அதிகபட்ச விலை அப்போது அதுதான். ஆனால், அவர் சேர்த்து வைத்திருந்த கடிதங்களில் பல எப்போதோ சாம்பலாகிவிட்டன.

என்ன நடந்தது?

1938-ல் திருமணத்துக்காக அம்ரிதா ஹங்கேரி போயிருந்தார். அந்த நேரத்தில் பெற்றோர், அவருக்கு வந்திருந்த கடிதங்களைப் படித்துப் பார்த்து எரித்துவிட்டார்கள். ஜவாஹர்லால் நேரு எழுதியவையும் தப்பவில்லை.

ஓவியம்தான் இருக்கே, கடிதம் எதுக்கு?

பாரிஸில் படித்த அம்ரிதா, 1937-ல் கன்னியாகுமரி வரை தென்னிந்தியாவைச் சுற்றினார். 'பிரம்மச்சாரிகள்' உள்ளிட்ட புகழ்பெற்ற மூன்று ஓவியங்கள் அந்தப் பயணத்தின் விளைவு. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களில் அவர் எதைக் கண்டு வியந்தார் என்பது, தங்கை இந்திராவுக்கு எழுதிய கடிதத்தில்தான் இருக்கிறது.

சட்டம் காப்பாற்றாதா?

1972-ம் ஆண்டு தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டத்தின் கீழ், அவரது ஓவியங்கள் 1976-ல் தேசியக் கலைச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 75 ஆண்டு கடந்த முக்கிய ஆவணங்களுக்கும் இந்தத் தடை உண்டு. ஆனால், பீரோவுக்குள் கடிதம் செல்லரித்துப் போவதை ஏற்றுமதித் தடை தடுக்காது.

மிச்சம் எப்படிப் பிழைத்தது?

குடும்பத்தின் அக்கறையால். இந்திராவின் மகனும் ஓவியருமான விவான் சுந்தரம், அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010-ல் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அவர் 2023 மார்ச்சில் காலமானார். இப்படி ஒருவர் அமையாத ஓவியர்களின் காகிதங்கள் பழைய பேப்பர் கடைக்கே போகும்.

என்ன செய்யலாம்?

ஸ்கேன் செய்வது அவசியம். ஆனால் அதோடு மூலத்தைத் தூக்கிப் போடக் கூடாது. அமிலமில்லாத உறையில், ஈரமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். அந்தரங்கம் வெளியே வந்துவிடுமோ என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. 'இத்தனை ஆண்டுகளுக்கு யாரும் பார்க்கக் கூடாது' என்ற நிபந்தனையோடு காப்பகத்தில் ஒப்படைப்பது உலகெங்கும் உள்ள நடைமுறை. எரிப்பதற்குப் பதில் பூட்டி வைக்கலாம். பூட்டை என்றைக்காவது திறந்துகொள்ளலாம்.