குழாயின் கடைசி முனை

கோவில்பட்டி ஆற்றங்கரை ஊரன்று. சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து எடுத்த நீரே குழாய் வழியாக அவ்வூர் ஜனங்களுக்கு வந்து சேருகிறது. நீரைக் கொண்டுவருவதில் காட்டும் சிரத்தையில் பாதியேனும், உபயோகித்த நீரை வெளியேற்றுவதில் நாம் காட்டுகிறோமா? வாசலைக் கடந்த கழிவு மறைந்துவிடுவதில்லை. பள்ளத்தை நாடி ஓடையிலும் கண்மாயிலும் போய் விழுகிறது.

கரிசற் சீமை ஊர்களுக்குப் பாதாளச் சாக்கடை வேண்டுமென்பது நியாயமான கோரிக்கை. ஆனால் சாக்கடை போடுவது வேறு. அசுத்தத்தை ஒழிப்பது வேறு. தெருத்தெருவாய்ச் சிதறிக் கிடந்த கழிவை ஒரே குழாயில் திரட்டி, சுத்தி செய்யாமல் ஓடையில் விட்டால், நகரவாசியின் நோய் கிராமவாசியின் கண்மாய்க்கு இடம் மாறுகிறதேயன்றித் தீர்வதில்லை.

இதற்காகவே 1974-ம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டம் ஏற்பட்டது. மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் முன்சம்மதம் இல்லாமல், கழிவுநீரை ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ விடும் ஏற்பாடு எதையும் துவக்கலாகாதென்று அதன் 25-வது பிரிவு விதித்தது. நகரசபைக்கும் இதில் விலக்கில்லை.

அனுமதி கேட்பதால் வேலை தாமதமாகிறதென்று சிலர் குறைகூறுகின்றனர். பூரணமான மனுவுக்கு நான்கு மாதத்துக்குள் வாரியம் பதில் கூறாவிடில், சம்மதம் அளித்ததாகவே கருதப்படுமென்றும் அதே பிரிவு வகுத்தது. நமது அச்சம் தாமதத்தைப் பற்றியதன்று. மௌனம் சம்மதமாகிவிடுவதைப் பற்றியதே.

கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். மணலும் சரளையும் பரப்பாமல் புதைத்த குழாய், மண்ணோடு அசைந்து இணைப்பு விட்டுக் கசியும். அது அடைத்துக்கொண்டால் பிறகு என்ன நேரும்? பாதுகாப்பின்றி மனிதனைச் சாக்கடைக் குழியில் இறக்குவதை 2013-ம் வருஷத்துச் சட்டம் தடுத்திருக்கிறது. அந்தப் பாதகத்துக்கு இடமளிக்கும் திட்டத்தை ஆரம்பத்திலேயே திருப்பி அனுப்புவதுதான் முறை.

வாரியம் விதிக்கும் நிபந்தனைகளின் பதிவேட்டைப் பாதிக்கப்படுவோர் பார்வையிடச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. பொதுஜன ஊழியர்கள் அதைப் பார்த்து மூன்று கேள்விகள் கேட்கவேண்டும்: சுத்திகரிப்பு நிலையம் எங்கே? அதை நடத்தும் செலவு யாருடையது? சுத்தி செய்த நீர் எந்த ஊர் எல்லையில் விடப்படும்? வறண்ட பூமியில் அந்நீரும் மரத்துக்கும் தீவனப் பயிருக்கும் உதவும் செல்வமே.

கையொப்பமிடும் உத்தியோகஸ்தர்கள் குழாயின் முதல் முனையைப் பார்த்தது போதும். கடைசி முனையிலுள்ள கிராமத்தாரையும் ஒருமுறை கேட்கட்டும். பிறகு அனுமதி அளிக்கட்டும்.